சகலை காட்டாத இடம்

போடிக்கு ரயிலில் வந்து இறங்குகிற வெளியூர்க்காரர்கள் என் சகலையிடம்தான் கேட்கிறார்கள். அவன் என் மனைவியின் தங்கையைக் கட்டியவன். வாடகைக் கார் ஓட்டுகிறான். "பார்க்கிற மாதிரி என்ன இடம் இருக்கு?" என்று ஒருவர் வாயைத் திறந்தால் போதும், ஸ்டேஷன் வாசலிலேயே மலையைக் கொண்டுவந்து இறக்கி வைத்துவிடுவான். இந்த வளைவில் மேகம் காலுக்குக் கீழே போகும், அந்த அணையில் யானை தண்ணீர் குடிக்க வரும், அங்கே ஒரு கடையில் புட்டும் கடலையும் சாப்பிடாமல் திரும்பாதீர்கள் என்று அவன் சொல்லும்போது கை பேசும், புருவம் பேசும். கேட்கிறவர்கள் பெட்டியை அவன் காரில் வைத்துவிட்ட பிறகுதான் வாடகையைக் கேட்பார்கள். இப்போது போனில் வீடியோ வேறு போடுகிறான்.

நானும் டிரைவர்தான். ஏலக்காய் எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப்பு. அவன் லைசென்சு எடுப்பதற்கு முன்பிருந்தே இந்த மலையில் ஏறி இறங்குகிறேன். அவன் சொல்கிற இடங்களில் பாதி, நான் அவனுக்குக் காட்டியது. ஆனால் என்னிடம் யாராவது கேட்டால், "மேல போங்க, நல்லாருக்கும்" என்பதைத் தாண்டி வாய் வராது. அதிகம் படிக்காததால் பேச்சு வரவில்லை என்று சமாதானம் சொல்லிக்கொள்ளவும் வழியில்லை. நான் ஐந்தாம் வகுப்பு, அவன் நாலாம் வகுப்பு.

இதையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டுதான் இருந்தேன். ஊர்க்காரன் கெட்டிக்காரனாக இருந்தால் நமக்கென்ன என்று இருந்துவிடலாம். இந்தப் பொங்கல் முடிந்த மறுநாள் நடந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை.

அன்றைக்கு எஸ்டேட் லீவு. என் ஜீப்பு ஸ்பிரிங் பட்டை உடைந்து ஒர்க்‌ஷாப்பில் நின்றது. சகலை தன் குடும்பத்தோடு மலைக்குக் கிளம்பினான். "மதினி, நீங்களும் வாங்க" என்று என் மனைவியையும் கூப்பிட்டான். என்னையும் கூப்பிட்டான். எனக்கு ஒர்க்‌ஷாப்பில் சோலி இருந்தது. சாயங்காலம் அவள் திரும்பி வந்தபோது முகமே வேறு மாதிரி இருந்தது.

"இங்கேருங்க, முந்தலைத் தாண்டி ஒரு அருவி தொங்குதே, பாத்திருக்கீகளா?"

முந்தல் மலையடிவாரத்தில் இருக்கிறது. அந்த அருவியைத் தினமும் தாண்டித்தான் போகிறேன். அவளும்தான் போகிறாள். என் ஜீப்பில், எனக்கு நாலு அடி பின்னால், இத்தனை வருசமாக. அவளும் அந்த எஸ்டேட்டில் காய் எடுக்கிறவள்.

"நீ பாத்ததில்லையா?" என்றேன்.

"உங்க ஜீப்புல எங்கிட்டுப் பாக்க? எதிர்ல உக்காந்திருக்கவ முழங்காலு தெரியும். குளிருக்குப் படுதாவ வேற எறக்கி விட்டுருவாளுக. அவரு என்னைய முன்னாடி உக்கார வச்சாருல்ல. ரோடு அப்படியே நம்ம மேல வருது."

அப்புறம் ஒவ்வொரு வளைவாகச் சொன்னாள். அவன் ஒவ்வொன்றுக்கும் பேர் வைத்திருக்கிறான். வேலைக்குப் புதிதாக வருகிற பெண்கள் தவறாமல் தலையை வெளியே நீட்டுகிற இடத்துக்கு எங்கள் ஜீப்பில் 'வாந்தி வளைவு' என்று பேர். அதற்கு அவன் 'மேகவாசல்' என்று வைத்திருக்கிறான்.

"மேகவாசல்" என்று அவள் இன்னொரு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

என் ஜீப்பின் முன்சீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதில் கங்காணி உட்காருவார். அவருக்குப் பக்கத்தில், முழங்கால் மடக்க முடியாத ஒரு பெரியம்மா. இது எல்லா எஸ்டேட் ஜீப்பிலும் உள்ள வழக்கம். டிரைவர் தன் பெண்டாட்டியை முன்னால் ஏற்றினால் பின்னால் இருக்கிற பெண்கள் மலை ஏறி இறங்குகிற வரைக்கும் அதையே பேசுவார்கள். நான் யாரிடமும் எதையும் கேட்டு வாங்குகிற ஆளில்லை. அவளும் கேட்டதில்லை.

அன்றைக்கு ராத்திரியே முடிவு பண்ணிவிட்டேன். அவளுக்கு நான் ஒரு இடத்தைக் காட்ட வேண்டும். அவன் காட்டாத இடமாக இருக்க வேண்டும். அதைப் பார்த்து அவள், அருவியைச் சொன்னாளே, அந்த முகத்தோடு என்னைத் திரும்பிப் பார்க்க வேண்டும். வேறொன்றும் எனக்கு வேண்டாம்.

ஜீப்பு சரியாகி வந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, "மேல ஒரு எடத்துக்குப் போயிட்டு வருவமா?" என்று கேட்டேன். எஸ்டேட்டில் ஏதோ வேலை என்றுதான் முதலில் நினைத்தாள். சும்மா பார்க்கத்தான் என்றதும் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். சோற்றைக் கட்டினாள். சேலையை மாற்றினாள்.

நான் ஏறி வண்டியை ஸ்டார்ட் பண்ணிவிட்டு, முன்சீட்டில் கிடந்த துணியால் சீட்டைத் துடைத்து வைத்தேன். அவள் தூக்குவாளியோடு வந்தாள். நேராக ஜீப்பைச் சுற்றிப் பின்னால் போய், கம்பியைப் பிடித்து ஏறி, தான் எப்போதும் உட்காருகிற இடத்தில் உட்கார்ந்தாள். "போலாம்" என்று தகரத்தில் தட்டினாள்.

முன்னால் வா என்று நான் சொல்லியிருக்க வேண்டும். தெருவில் ஆட்கள் இருந்தார்கள். கிளட்சை விட்டேன்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு டிரைவர் கத்தினார். "என்னண்ணே, இன்னைக்கு ஒத்த ஆளு லோடா?" நான் கேட்காத மாதிரி போனேன். பின்னால் அவள் மட்டும் காலி ஜீப்பில் ஆடிக்கொண்டே வந்தாள். பழக்கத்தில் படுதாவையும் இறக்கிவிட்டுக்கொண்டாள்.

முந்தல் செக்போஸ்ட்டில் நிறுத்தினார்கள். அங்கே நிற்கிறவர் எனக்குப் பழக்கமானவர்.

"ஞாயித்துக்கெழமையும் ஆளா? எத்தன பேரு?"

"ஒரு ஆளு."

"யாரு?"

"வீட்டுல."

அவர் பின்னால் போய்ப் படுதாவைத் தூக்கிப் பார்த்தார். அவள் மடியில் தூக்குவாளியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவர் திரும்பி வந்து ஜன்னலில் கையை வைத்தார்.

"ஏய்யா, வீட்டுல உள்ளவங்கள யாராச்சும் பின்னாடி போட்டுக் கொண்டு போவாகளா? ஏலக்கா மூட்டையா அது? ஏத்தா, எறங்கி முன்னால வாத்தா."

பக்கத்து டீக்கடையே சிரித்தது. அவளும் சிரித்துக்கொண்டே முன்னால் ஏறினாள். "எனக்குத் தோணவே இல்லங்க" என்றாள். "காலு அதுவா அங்கிட்டுப் போயிருச்சு." நான் செய்யவேண்டிய காரியத்தைச் செக்போஸ்ட்டுக்காரர் செய்துவிட்டாரே என்று அவர் மேலும் எனக்கு எரிச்சலாக இருந்தது.

ரோடு ஏறத் தொடங்கியது. அவள் ஒவ்வொரு வளைவிலும் பிரேக் மிதிக்கிற மாதிரி காலை ஊன்றினாள். அருவி வந்தது. மெதுவாகப் போனேன்.

"இதத்தான் அன்னைக்கே பாத்துட்டேனே. இங்க அவரு வண்டிய ஓரங்கட்டி எல்லாரையும் போட்டோ எடுத்தாரு."

சமவெளி தெரிகிற திருப்பத்தில் நிறுத்தினேன். கீழே போடி, கண்மாய்கள், கோடு போட்ட மாதிரி தண்டவாளம்.

"இங்க சுண்டல் வாங்கிக் குடுத்தாரு" என்றாள்.

வாந்தி வளைவில் நான் நிறுத்தவில்லை. அவளாகவே, "மேகவாசல் போயிருச்சு" என்றாள்.

கியரை மாற்றி மேலே ஏற்றினேன். இவையெல்லாம் எல்லாருக்கும் தெரிந்த இடம்தான். எனக்கென்று ஒன்று வைத்திருந்தேன். ஏற்றம் முடிகிற மெட்டைத் தாண்டி, தேயிலைக்கு நடுவில் ஒரு மண்பாதை பிரிந்து போகும். அது முடிகிற இடத்தில் ஒரு பாறை. அதன் மேல் நின்றால் இரண்டு பக்கமும் பள்ளம், எதிரே மலைக்குப் பின்னால் மலை. லோடு இல்லாத நாட்களில் நான் தனியாகப் போய் நின்றிருக்கிறேன். மண்பாதையில் கார் ஏறாது. அந்த ஒரு நம்பிக்கை எனக்கு.

பாதையைச் சரி பண்ணியிருந்தார்கள். பாறைக்குக் கீழே மூன்று கார்கள் நின்றன. பஜ்ஜி போடுகிற ஒரு தள்ளுவண்டியும் இருந்தது. மஞ்சு இறங்கி எதுவும் தெரியவில்லை. பஜ்ஜிக்காரர் தலை மட்டும் தெரிந்தது.

"என்ன இருக்கு இங்க?" என்று கேட்டாள்.

"மஞ்சு வெலகுனா தெரியும்."

குளிரில் நின்றோம். விலகவில்லை. பக்கத்தில் ஒரு சின்ன வயசு ஜோடி, மதுரைப் பக்கம் போலிருக்கிறது. அந்தப் பையன் என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"என்னண்ணே, நீங்களும் அந்த வீடியோ பாத்துட்டுத்தான் வந்தீங்களா?"

"எந்த வீடியோ?"

போனை நீட்டினான். என் சகலை பாறை மேல் நின்று கையை விரித்திருந்தான். "இது யாருக்கும் தெரியாத இடம் மக்களே" என்றான்.

என் மனைவி எட்டிப் பார்த்து, "அட, நம்ம தங்கச்சி வீட்டுக்காரரு!" என்று கத்தினாள். அந்தப் பெண், "அவர் உங்க சொந்தமா ஆன்ட்டி?" என்று கையைப் பிடித்துக்கொண்டது. இரண்டு பேரும் என் மனைவியோடு சேர்ந்து நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். அந்தப் படத்தை எடுக்கச் சொல்லி போனை என்னிடம் கொடுத்தார்கள்.

ஜீப்பில் ஏறி உட்கார்ந்தேன். அவன் கார் வழியில் பழுதாகி நிற்க வேண்டும், அவன் போன் தண்ணீரில் விழ வேண்டும் என்றெல்லாம் நினைத்தேன். அவன் தொண்டை கட்டிக்கொள்ள வேண்டும் என்றுகூட நினைத்தேன். அவள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தாள்.

"பசிக்குது" என்றாள். "வாங்க, நாங்க சாப்புடுற எடத்துக்குப் போவோம்."

எஸ்டேட் கேட்டில் இருந்த காவல்காரர் அவளைப் பார்த்ததும் திறந்துவிட்டார். கேட் வரைக்கும்தான் எனக்குத் தெரியும். ஆளை இறக்கிவிட்டால் திரும்பிவிடுவேன், இல்லையென்றால் ஜீப்பிலேயே கிடப்பேன். உள்ளே எத்தனை ஒற்றையடிப் பாதை இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. அவள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். ஏலச்செடிகள் என் தலைக்கு மேல் நின்றன. வழுக்குகிற இடத்தில் திரும்பிப் பார்க்காமலே, "அந்தக் கல்லுல வைக்காதீக, ஆடும்" என்றாள்.

இறக்கத்தில் ஒரு ஓடை. பெரிய மரத்தடியில் ஒரு அகலமான பாறை. அங்கிருந்து பார்த்தால் ஒரு காட்சியும் கிடையாது. நாலு பக்கமும் இலைதான். வானம்கூட ஒரு முறத்தளவுதான் தெரிந்தது. நான் பாறையில் உட்காரப் போனேன்.

"அங்க இல்ல. அது பெரியம்மா எடம். முதுகு சாய வசதியா இருக்குன்னு பிடிச்சுக்கிட்டாக."

நகர்ந்தேன்.

"அது தேவாரம் ஊர்க்கார அக்கா எடம்."

"பின்ன நான் எங்கதான் உக்கார?"

"இந்தா, எம்பக்கத்துல."

பாறை இடுக்கில் கையை விட்டு ஒரு டப்பாவை எடுத்தாள். உப்பும் மிளகாய்ப்பொடியும். இன்னொரு இடுக்கிலிருந்து கட்டன் டீ போடுகிற கரி பிடித்த சட்டி. மூன்று கல்லில் தீ வைத்து, ஓடைத் தண்ணீரைக் கொதிக்கவிட்டாள். சோற்றைப் பிரித்துக்கொண்டே பேசினாள். யார் யாரைப் போல நடந்து காட்டுவார்கள், கங்காணி வரும் சத்தம் கேட்டால் என்ன பாட்டை நிறுத்திவிட்டு என்ன பாட்டை எடுப்பார்கள், புருசனோடு சண்டை போட்டு வந்தவளை எப்படிச் சிரிக்க வைப்பார்கள் என்றெல்லாம் சொன்னாள். கங்காணி குரலில் பேசிக் காட்டினாள். வீட்டில் அவள் இப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை.

"என்னையப் பத்தியும் பேசுவீகளா?"

"பேசாம? ஜீப்புக்கு வாயி இருக்கு, ஹாரன் அடிக்குது, டிரைவருக்குத்தான் இல்லம்பாளுக."

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆனால் உள்ளுக்குள் குடைந்தது. இத்தனை வருசமாக அவளுடைய மத்தியானம் இங்கே இருந்திருக்கிறது. அந்தப் பெண்கள் தினமும் இதைப் பார்த்திருக்கிறார்கள். நான் கேட்டில் ஜீப்புக்குள் துண்டை விரித்துத் தூங்கியிருக்கிறேன். சகலை மேல் இருந்த பொறாமை அப்படியே இடம் மாறி இந்தப் பாறை மேல் ஏறிக்கொண்டது.

கட்டனை டம்ளரில் ஊற்றித் தந்தாள். ஏலக்காய் ஒன்றைப் பல்லில் கடித்துப் போட்டிருந்தாள்.

"இத உங்க சகலைகிட்ட சொல்லிராதீக" என்றாள். "நாளைக்கே வந்து கையை விரிச்சுக்கிட்டு நிப்பாரு."

அப்போது அவள் முகத்தை நான் பார்த்தேன். நான் பார்க்க நினைத்த முகம் அது. அதை வரவழைத்தது நான் காட்டிய இடமில்லை. இருந்தாலும் எனக்கு அது கிடைத்தது.

ஆகையால் போடிக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். அருவியைப் பாருங்கள். சமவெளி தெரிகிற திருப்பத்தில் நில்லுங்கள். அணைக்குப் போங்கள், யானை வந்தால் உங்கள் நேரம். பாறைக்கும் போகலாம், பஜ்ஜி நன்றாகத்தான் இருந்தது. கூட வருகிறவரை முன்சீட்டில் உட்கார வையுங்கள். அந்த ஓடை எந்த எஸ்டேட்டில் இருக்கிறது என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள்.

அன்றைக்குச் சாயங்காலம் சகலை எங்கள் வீட்டுக்கு வந்தான். "என்னண்ணே, ஜோடியா மலைக்குப் போனீகளாம்? என்ன பாத்தீக?" என்றான்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவளே சொன்னாள். "எங்கிட்டுப் பாக்க? ஒரே மஞ்சு. ஒண்ணுமே தெரியல."

எனக்குச் சந்தோசம் முகத்தில் தெரிந்துவிடக் கூடாதே என்று குனிந்து செருப்பைத் தேடினேன்.

"அய்யய்யோ" என்று அவன் நிஜமாகவே வருத்தப்பட்டான். "இவருக்கு நேரங்காலம் தெரியாது மதினி. அடுத்த வாரம் நான் கூட்டிட்டுப் போறேன், வாங்க."

"போவோமே" என்று சொல்லிவிட்டாள்.

கொஞ்சம் யோசித்துச் சொல்லியிருக்கலாம்.