காடை கத்தும் வரைக்கும்

தெர்மெஸ் ஊர் வெயிலை நம்பித்தான் ஹோல்மத் முப்பது வருடமாக எலுமிச்சை வளர்த்தார். ஆழப் பள்ளத்தில் மரங்கள், மேலே கண்ணாடிக் கூரை. அந்த ஜனவரியில் முழங்கால் அளவு பனி கொட்டியது, பள்ளத்தைச் சூடேற்றும் கேஸும் நின்றுபோனது. கரியடுப்பைப் பள்ளத்துக்குள் இறக்கி, கூரை இடுக்கையெல்லாம் பழைய மெத்தையால் அடைத்தார்.

"மூச்சு முட்டிரும், ஒரு சந்தாவது விடுங்க," என்றாள் மனைவி அனோரா.

"போடி! சந்து விட்டா மரம் செத்துரும். என் காடை கத்துற வரைக்கும் நானும் இருப்பேன், பயப்படாதே," என்று சிரித்தபடி காடைக் கூண்டோடு உள்ளே இறங்கினார்.

அனோரா காடைச் சத்தத்துக்குக் காதைக் கொடுத்தபடியே முற்றத்துப் பனியைத் தள்ளினாள். கூரைப் பனி உருகிச் சொட்டத் தொடங்கியது. மரங்கள் பிழைத்துவிட்டன என்று நிமிர்ந்தாள். சொட்டும் சத்தம் தவிர வேறெதுவும் கேட்கவில்லை.