பேத்தியின் பல்லுக்கு ஒரு கோட் வார்னிஷ்

ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஆனாலும் உறையூரில் என் பட்டறையில் பாடி கட்டி, பெயின்ட் அடித்து வெளியே போன லாரி எதுவும் சீக்கிரம் துருப்பிடித்ததில்லை. யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். அப்படிப்பட்டவனின் பேத்திக்கு ஆறு வயதிலேயே பால்பல் பாதி சொத்தை.

இப்போது கடைவாயில் புதுப் பல் முளைத்திருந்தது. போனால் மறுபடி முளைக்காத பல். அதையாவது காப்பாற்ற வேண்டும் என்று மருமகள் அவளைப் புத்தூரில் ஒரு பல் டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனாள். நானும் கூடப் போனேன்.

"ஃப்ளோரைடு வார்னிஷ்ங்க. பிரஷ்ஷால லேசா தடவிவிடுவோம். பல்லு உறுதியாகும், சொத்தை அவ்வளவு சுலபமா வராது," என்றார் டாக்டரம்மா.

வார்னிஷ் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். நம்ம தொழில் அல்லவா.

"முதல்ல துடைச்சுக் காய வைப்பீங்கள்ல?"

"ஆமாங்கய்யா."

சரி, வேலை தெரிந்தவர்தான்.

பேத்தி வாயைத் திறந்தால்தானே. மருமகள் கெஞ்சினாள், மிரட்டினாள். கடைசியில் பேத்தி என் காதில், "எலுமிச்சம்பழம் எங்க தாத்தா?" என்றாள்.

சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்காமல் புது வண்டியில் பிரஷ் வைக்க நான் விடுவதில்லை. பட்டறையிலேயே வளர்ந்தவளுக்கு அது தெரியாதா?

"மாமா, இது ஆஸ்பத்திரி," என்று மருமகள் தலையில் கை வைத்தாள். நான் எதிர்க் கடையில் பழம் வாங்கி வந்து, நாற்காலிக்குப் பக்கத்தில் பேப்பரை விரித்து வைத்தேன். பேத்தி இறங்கி ஒரே மிதி. ஏறி உட்கார்ந்து வாயைத் திறந்தாள்.

சட்டென்று வேலை முடிந்துவிட்டது. எனக்கு மனசு ஆறவில்லை.

"இன்னொரு கோட் அடிங்கம்மா. ஒரு கோட்ல எந்த வண்டியும் நிக்காது."

"இது லாரி இல்லைங்கய்யா. அடுத்தது ஆறு மாசம் கழிச்சுதான். இன்னைக்குக் கடினமா எதையும் கடிக்கக் கூடாது, ராத்திரி பல் தேய்க்க வேண்டாம்."

ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டு வாசலில் வந்து இறங்கியதும் பக்கத்து வீட்டு மாமி முறுக்கை நீட்டினார். பேத்தி பின்னால் நகர்ந்து, "இன்னும் ஈரம் காயலை மாமி," என்றாள். அடித்த பெயின்டைப் பாதுகாக்கத் தெரிந்த பிள்ளை. என் ரத்தம்.

ஆறு மாதம் கழித்துப் போனபோது டாக்டரம்மா கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, புதுப் பல்லில் சொத்தை இல்லை என்றார். மேஜையில் பஞ்சு டப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு எலுமிச்சம்பழம் இருந்தது. எங்களுக்காக அவரே வாங்கி வைத்தாராம். படித்தவர்கள் என் முறைக்கு வந்துவிட்டார்கள். இரண்டாவது கோட் விஷயத்தில் மட்டும் நான் அவர்கள் முறைக்குப் போனேன்.