புறக்கோட்டைச் சந்தியில் அம்மா நின்றாள்

ஐம்பதுகளின் நடுவில் ஒரு ஏப்ரல் மாதம். எனக்குப் பத்து வயதிருக்கும். நானுஓயாவுக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்தில், லயம் என்று சொல்லும் வரிசை வீடுகளில் ஒன்றில் நாங்கள் இருந்தோம். ஏப்ரல் வந்துவிட்டால் கொழும்பில் உள்ள பெரிய மனிதர்கள் எல்லாரும் வெயிலுக்குப் பயந்து நுவரெலியாவுக்கு ஏறி வருவார்கள். குதிரைப் பந்தயம், பூக்கண்காட்சி என்று ஊரே அமர்க்களப்படும். அப்படி அவர்கள் கூட்டம் கூட்டமாக மேலே ஏறிக்கொண்டிருந்தபோது, எதிர்ப்பக்கமாகக் கொழும்புக்கு உல்லாசப் பயணம் இறங்கிய குடும்பம் அநேகமாக எங்களுடையது ஒன்றுதான். எங்கள் அப்பாவுக்கு வரும் யோசனை எல்லாம் அப்படித்தான் இருக்கும்.

அப்பாவுக்கு ஸ்டோரில் வேலை. தேயிலைத் தொழிற்சாலையைத் தோட்டத்தில் ஸ்டோர் என்றுதான் சொல்வோம். அந்த மாதம் ஏதோ ஒரு இயந்திரம் உடைந்து, அதற்குச் சாமான் வரும்வரை அப்பாவுக்கு வேலை நின்றது. அம்மா கொழுந்து எடுப்பவள். அவளைப் பெற்றவர்கள் இந்தியாவிலிருந்து கப்பலில் வந்து இறங்கியவர்கள். அவளோ பிறந்ததிலிருந்து மலையைத் தவிர வேறொன்றையும் கண்டதில்லை. ஒரே ஒரு தடவை கடலைப் பார்க்க வேண்டும் என்று அடிக்கடி சொல்வாள். அந்த ஆசைக்காகத்தான் இந்தப் பயணமே.

லீவு கேட்கப் போனபோது கணக்கப்பிள்ளை ஐயா சிரித்தாராம். "கடலப் பாத்து என்னாய்யா செய்யப் போற? அது அங்கதான கெடக்கும்?"

"அது கெடக்கும்ங்க ஐயா. நாங்க கெடப்பமா?" என்றாராம் அப்பா. லீவு கிடைத்துவிட்டது.

புறப்படுவதற்கு முன் அப்பா எங்களை உட்கார வைத்து ஒரு விஷயத்தைக் கண்டிப்பாகச் சொன்னார். "கொழும்புல தோட்டத்து ஆளுங்கன்னு காட்டிக்கக் கூடாது. அங்க இங்க வாயப் பொளந்து நிக்கக் கூடாது. சத்தம் போட்டுக் கூப்பிடக் கூடாது." அப்பா விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பிரஜாவுரிமைக்கு எழுதிப் போட்டு வருடக் கணக்கில் பதில் வராமல் காத்திருந்தவர்களில் நாங்களும் ஒரு குடும்பம். கையில் ஒரு பத்திரமும் கிடையாது. எங்களைப் போன்ற முகங்களைக் கொழும்பில் கண்டால் போலீஸ் பிடித்து விசாரிக்கும், பத்திரம் இல்லாவிட்டால் கள்ளத்தோணியில் வந்தவர்கள் என்று உள்ளே போட்டுவிடும் என்று லயத்தில் கதை கதையாகச் சொல்வார்கள். உண்மை எவ்வளவு, பொய் எவ்வளவு என்று தெரியாது. பயம் மட்டும் முழுதாக இருந்தது.

இப்படி எல்லாம் எச்சரித்த மனிதர், எங்கள் உடுப்பைக் கவனிக்க மறந்துவிட்டார். விடியற்காலை நானுஓயா ஸ்டேஷனில் பல் கிட்டுகிற குளிர். எனக்கும் தம்பிக்கும் கம்பளிச் சட்டை. நாலு வயதுத் தம்பிக்குக் காதை மூடிய கம்பளிக் குல்லா வேறு. அம்மா சேலைக்கு மேல் தடித்த துப்பட்டியைப் போர்த்திக்கொண்டாள். ரயிலைக் கோச்சி என்போம். அது மலை இறங்கி நாவலப்பிட்டி தாண்டியதும் வியர்க்க ஆரம்பித்தது. மத்தியானத்துக்கு மேல் கொழும்புக் கோட்டையில் இறங்கியபோது நாங்கள் அவித்த கிழங்கு மாதிரி இருந்தோம். இருந்தும் தம்பியின் குல்லாவைக் கழற்ற அம்மா சம்மதிக்கவில்லை. அவனுக்கு இருமல், காற்றுப் பட்டால் கூடிவிடுமாம்.

அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, செட்டியார் தெருப் பக்கம் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை செய்தார். அவர் வீட்டில்தான் தங்குவதாக ஏற்பாடு. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அவரால் ஸ்டேஷனுக்கு வர முடியாது. கடைக்கு வந்து சேரும் வழியை அப்பாவுக்கு மட்டும் முன்பே விளக்கமாகச் சொல்லியிருந்தார். நாங்கள் நடந்தோம்.

இங்கேதான் நாங்கள் ஒரு தப்புச் செய்தோம். தோட்டத்துச் சனத்தைத் தவிர வேறு யாரும் அந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டார்கள். தேயிலைச் செடிகளுக்கு நடுவே போகும் ஒற்றையடிப் பாதையில் ஒருவர் பின் ஒருவராகத்தான் நடக்க முடியும். முன்னால் போகிறவர் திரும்பாமலே பேசுவார், பின்னால் வருகிறவர் "ம்" கொட்டுவார். சரிவில் திரும்பிப் பார்த்தால் கால் சறுக்கும். குடும்பத்தில் அம்மா கடைசியாக வருவாள், யாரும் விடுபட்டுப் போகக் கூடாது என்பதற்காக. பிறந்ததிலிருந்து அப்படி நடந்த கால்கள், புறக்கோட்டைக் கடைத்தெருவில் வேறு எப்படி நடக்கும்? தலையில் ட்ரங்குப் பெட்டியுடன் அப்பா முன்னால். அடுத்தது நான். எனக்குப் பின்னால் தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு அம்மா. அகலமான தெருவில் எறும்பு போல வரிசையாகப் போனோம்.

அப்பா பேசிக்கொண்டே போனார். "அந்தா பாருங்க டிராமு." ம். "அது கரண்டுல ஓடுற பஸ்ஸு, மேல கம்பியப் பிடிச்சிக்கிட்டுப் போகுது பாருங்க." ம். எல்லாவற்றுக்கும் நான் ஒருத்தியே ம் கொட்டிக்கொண்டிருந்தேன். அப்பாவுக்கு அது எங்கள் மூன்று பேருக்கும் சேர்த்துக் கிடைத்த பதிலாகப் பட்டிருக்கிறது. வழியில் நாலு தெரு கூடும் சந்தி ஒன்றைக் கடந்தோம். மூட்டை ஏற்றிய கைவண்டிகள் குறுக்கே போயின, டிராம் மணி அடித்தது, ஆட்கள் இடித்துக்கொண்டு போனார்கள். அதற்கும் பிறகு வெகுதூரம் போய், ஒரு கருவாட்டுக் கடை வாசலில், அம்மாவிடம் ஏதோ கேட்கலாம் என்று நான் திரும்பினேன். எனக்குப் பின்னால் முன்பின் தெரியாத ஒரு ஆள் வந்துகொண்டிருந்தார்.

"அப்பா, அம்மாவக் காணோம்!"

அப்பா பெட்டியைத் தொப்பென்று போட்டார். என்னை விட்டுவிட்டு வந்த வழியில் ஓடினார், திரும்பி வந்தார், பக்கத்துச் சந்துக்குள் ஓடினார், மறுபடி வந்தார். அப்பா ஓடி நான் அன்றுதான் பார்த்தேன். அம்மாவுக்கு மாமாவின் கடைப் பேரும் தெரியாது, தெருவும் தெரியாது. எழுத்து வாசிக்கவும் வராது. சிங்களம் நாலு வார்த்தை பேசுவாள். போலீஸ் வந்து கேட்டால் காட்ட ஒரு துண்டுக் கடதாசி இல்லை. இதெல்லாம் அப்பாவின் முகத்தில் ஒன்றன்பின் ஒன்றாக ஓடியது எனக்கே தெரிந்தது. நான் வாய்விட்டு அழத் தொடங்கிவிட்டேன்.

கருவாட்டுக் கடை முதலாளி, தொப்பி போட்ட ஒரு முஸ்லிம் பெரியவர், இறங்கி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "கொஞ்சம் நில்லுங்க தம்பி. இப்படி ஓடினா இந்தப் புள்ளையையும் தொலச்சிருவீங்க. எந்த எடத்துல உட்டீங்க?"

"தெரியலீங்க மொதலாளி. நான் திரும்பியே பாக்கல." என்றார் அப்பா.

"பக்கத்துலதான் போலீசு. போய்ச் சொல்லுவமா?"

"போலீசு வேணாங்க."

பெரியவர் எங்களை ஒரு பார்வை பார்த்தார். கம்பளிச் சட்டை, ட்ரங்குப் பெட்டி, அப்பாவின் வெறுங்கால். மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. பெட்டியை எடுத்துக் கடைக்குள் வைத்தார்.

எங்கள் மலையில் மூடுபனி இறங்கினால் பக்கத்துச் செடியே தெரியாது. அதற்குள் யாராவது மாட்டிக்கொண்டால் தேடிப் போக மாட்டார்கள், நின்ற இடத்தில் நின்று கூப்பிடுவார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கூப்பாடு உண்டு. அப்பாவுடையது நீளமாக இழுத்துக் கடைசியில் இரண்டு வெட்டு வெட்டும். அது கேட்டால் எந்த மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தாலும் அம்மா பதில் கொடுப்பாள். எனக்கு அந்த நேரத்தில் வேறொன்றும் தோன்றவில்லை.

"கூப்பிடுங்கப்பா" என்றேன்.

அப்பா தெருவைப் பார்த்தார். எத்தனையோ ஆட்கள், கால்சட்டையும் குடையுமாக. இந்தத் தெருவின் நடுவே நின்று அப்படிக் கூப்பிட்டால், நாங்கள் யார் என்று ஊருக்கே தமுக்கடித்த மாதிரிதான். அப்பா தயங்கியது கொஞ்ச நேரம்தான். கடை வாசலில் நின்ற ஒரு காலிக் கைவண்டியில் ஏறினார். இரண்டு கையையும் வாயில் குவித்துக்கொண்டார்.

"ஊ.......ஓய்! ஓய்!"

அந்தச் சத்தம் கட்டடங்களில் மோதித் திரும்பி வந்தது. பேரம் பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தார்கள். ஒருவன் சிரித்தான். பதில் வரவில்லை. அப்பா மறுபடி கூப்பிட்டார். இன்னும் சிரித்தார்கள். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது, பயம் அதைவிடப் பிடுங்கித் தின்றது. பதில் இல்லை.

மூன்றாவது தடவை அப்பா கூப்பிட்டு முடிக்கவும், தெருவின் நடுவில் வெங்காய மூட்டை இழுத்துக்கொண்டு போன ஒரு கைவண்டிக்காரர் வண்டியை அப்படியே நிறுத்தினார். சந்திப் பக்கம் முகத்தைத் திருப்பி, கையைக் குவித்து, அதே கூப்பாட்டை அப்படியே எடுத்துப் போட்டார். அச்சு அசலாகத் தோட்டத்துக் குரல். எந்தத் தோட்டத்தை விட்டு எப்போது இறங்கி வந்தவரோ தெரியாது. ஆனால் இப்போது யாரும் சிரிக்கவில்லை.

அப்போது கேட்டது. வெகு தூரத்தில், டிராம் மணிக்கும் வண்டிச் சத்தத்துக்கும் நடுவில், மெல்லிசாக அம்மாவின் பதில்.

நானும் அப்பாவும் ஓடினோம். சந்தி வந்ததும் அப்பா சட்டென்று நின்றுவிட்டார். நடுச்சந்தியில், நாலு பக்கமும் வண்டிகள் ஓட, இடுப்பில் தம்பியுடன் அம்மா நட்டு வைத்த மரம் மாதிரி நிற்கிறாள். பக்கத்தில் ஒரு போலீஸ்காரர்.

பிறகு தெரிந்தது, ஒரு கைவண்டி குறுக்கே வந்த நேரத்தில் எங்களைத் தவறவிட்ட இடம் அதுதான். அந்த இடத்தை விட்டு அம்மா ஒரு அடி நகரவில்லை. வண்டிக்காரர்கள் திட்டியிருக்கிறார்கள். போலீஸ்காரர் ஓரத்துக்குப் போகச் சொல்லிச் சிங்களத்தில் கேட்டிருக்கிறார், கெஞ்சியிருக்கிறார், அதட்டியிருக்கிறார். "எங்க வீட்டுக்காரரு வருவாரு" என்று தமிழில் சொல்லிவிட்டு அம்மா நின்றுகொண்டே இருந்திருக்கிறாள். கடைசியில் அந்த மனிதர் அலுத்துப்போய், அம்மாவைச் சுற்றி வண்டிகளைத் திருப்பிவிட்டுக்கொண்டிருந்தார்.

அப்பா கையைக் கட்டிக்கொண்டு, குனிந்தபடி கிட்டப் போனார். "ராலாமி..." போலீஸ்காரர்களை அப்படித்தான் மரியாதையாகக் கூப்பிடுவோம்.

எந்த ஊர் என்று அவர் சிங்களத்தில் கேட்டார். அப்பா இன்னும் குனிந்தார். "நானுஓயாங்க."

அடுத்த கேள்வி என்ன என்று எங்களுக்குத் தெரியும். அவர் அப்பாவைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், கடைசியாகத் தம்பியைப் பார்த்தார். கை நீட்டினார். வியர்வையில் ஊறிக்கிடந்த குல்லாவைத் தம்பியின் தலையிலிருந்து உருவி அம்மாவின் கையில் கொடுத்தார். பிள்ளை வெந்து போகும், நானுஓயாவுக்குத் திரும்பிப் போகும்போது போடு என்று சிங்களத்தில் சொன்னார். பிறகு வண்டிகளை நிறுத்தி எங்கள் நாலு பேரையும் தெருவைக் கடக்க வைத்தார். அவ்வளவுதான். கேட்க வேண்டியதை அவர் கேட்கவே இல்லை. மறந்து போய்க் கேட்காமல் விட்டார் என்று நான் ஒருநாளும் நம்பவில்லை.

தெருவோரத்துக்கு வந்த பிறகுதான் அப்பாவுக்குக் கோபம் வந்தது. "மொதக் கூப்பாடு ஒனக்குக் கேக்கலியா புள்ள?"

"கேட்டுச்சுங்க. நீங்கதான கொழும்புல சத்தம் போடக் கூடாதுன்னீங்க. அப்பறம் வேற ஆளும் கூப்பிட்டாரா, சரி, இங்க கூப்பிடலாம்போலன்னு நெனச்சேன்."

கருவாட்டுக் கடைக்குத் திரும்பிப் பெட்டியை வாங்கினோம். பெரியவர் எல்லாருக்கும் தண்ணீர் கொடுத்தார். அந்தக் கைவண்டிக்காரரைத் தேடினோம், அவர் மூட்டைகளோடு போய்விட்டிருந்தார். அவர் முகத்தைக்கூட நாங்கள் சரியாகப் பார்க்கவில்லை.

மறுநாள் சாயங்காலம் மாமா எங்களைக் காலிமுகத்திடல் கடற்கரைக்குக் கூட்டிப்போனார். அம்மா கடலைப் பார்த்ததும் துள்ளிக் குதிப்பாள் என்று நினைத்தேன். அவள் "இதத் தாண்டியா எங்காத்தா வந்துச்சு?" என்று மட்டும் கேட்டாள். அப்பா நடந்தால் பழக்கப்படி இவள் பின்னால் நடந்தாள். அப்பா நின்றால் இவளும் நின்றாள். கடைசியில் அப்பாவே பின்னால் வந்து பக்கத்தில் நின்றுகொண்டார். நான் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டேன். "அந்தச் சந்தியில ஒனக்குப் பயமா இல்லியாம்மா?"

"உசுரே போச்சு பாப்பா. ஆனா நானும் தேடிக் கெளம்பியிருந்தா ஒங்கப்பா என்னிய எங்கன்னு வந்து தேடுவாரு?"

அந்தப் பதில் அப்போது எனக்குப் பெரிதாகப் படவில்லை. என் மூத்த மகன் ஒரு கோபத்தில் வீட்டை விட்டுப் போய், வருடக் கணக்கில் ஒரு தகவலும் இல்லாமல் இருந்தபோதுதான் அதன் பாரம் தெரிந்தது. வீட்டைக் கொடுத்துவிட்டு எங்களோடு வந்து இரு என்று மகள்கள் கெஞ்சினார்கள். ஊர் ஊராகப் போய்த் தேடு என்று சிலர் சொன்னார்கள். நான் போகவில்லை. ஒரு மழை நாளில் நனைந்துகொண்டு அவன் வாசலில் வந்து நின்றான். யாரிடமும் வழி கேட்கவில்லையாம், நீ இங்கேதான் இருப்பாய் என்று தெரியும் என்றான்.

அந்தப் பயணத்தில் பார்த்த டிராமும் கடலும் எனக்கு மங்கிவிட்டன. நாலு பக்கமும் வண்டிகள் ஓட நகராமல் நின்ற அம்மா மட்டும் மங்கவே இல்லை, பயம் வரும்போதெல்லாம் நானும் அவளைப் போலத்தான் நின்றுகொள்கிறேன்.