படலையில் கட்டிய வேப்பிலை

முதலில் வந்தது நாரி நோ (இடுப்பு வலி). வகுப்பு வாங்குகளை (பெஞ்சுகளை) தூக்கி வைத்ததில் வந்த பிடிப்பு என்று நினைத்தேன். அன்று மாலையே காய்ச்சலும் தலையிடியும் சேர்ந்துகொண்டன. திருகோணமலையில் அந்த நாட்களில் காய்ச்சல் என்றால் நுளம்பு கடித்து வரும் மலேரியாதான். யுத்தத்தால் கொயினா (மலேரியாவுக்குக் கொடுக்கும் கசப்பு மருந்து) அருமையாகியிருந்தது. மிச்சம் வைத்திருந்ததை விழுங்கிவிட்டுப் படுத்தேன்.

ஜப்பான் விமானங்கள் துறைமுகத்தில் குண்டு போட்டுச் சில மாதங்கள் ஆகியிருந்தன. ஊரில் பாதிப்பேர் போய்விட்டார்கள். என் மனைவியையும் கைக்குழந்தையையும் மட்டக்களப்பில் அவளுடைய தாய்வீட்டுக்கு அனுப்பியிருந்தேன். நான் மிஷன் பாடசாலை ஆசிரியன். கட்டடத்தைப் படையினர் எடுத்துக்கொண்டதால் ஆலயத்தின் பின்பக்கத்தில் வகுப்பு நடத்தினேன். ஞாயிறுகளில் பிரசங்கமும் செய்வேன்.

இப்போது எனக்கு எண்பது தாண்டிவிட்டது. தொற்றுநோயோடு வீட்டில் கிடப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். உடம்பின் வேதனையைப் பற்றி மற்றவர்கள் என்னைவிட நன்றாக எழுதியிருப்பார்கள். படுத்த படுக்கையில் கிடந்தபடியே ஒருவன் எவ்வளவு தீங்கு செய்ய முடியும் என்பதுதான் எனக்குத் தெரிந்தது.

யுத்தம் எங்களுக்குச் சந்தேகப்படக் கற்றுத்தந்திருந்தது. எதிரிக்கு உளவு சொல்பவர் அடுத்த வீட்டிலேயே இருக்கலாம் என்று எங்கும் கதை. என் அடுத்த வீட்டில் சல்லிக் கிராமத்திலிருந்து வந்து குடியேறிய கந்தையா என்ற மீனவரும் அவர் மனைவி வள்ளிப்பிள்ளையும் இருந்தார்கள். கந்தையா விடியமுன் வள்ளத்தோடு போவார். பல நாள் வெறுங்கையோடு திரும்புவார். மீனில்லாமல் இவர் கடலில் என்ன செய்கிறார் என்று வேலிக்குள்ளால் பார்த்துக்கொண்டிருப்பேன். கடற்படை மறித்துவைத்த கடலில் மீன் எங்கே பிடிப்பது என்று நான் யோசிக்கவில்லை.

வள்ளிப்பிள்ளை என்னைவிடச் சில வயது மூத்தவர். சிறுவயதில் வந்த அம்மை அவர் முகம் முழுவதும் குழிகளை விட்டுப் போயிருந்தது. சல்லி முத்துமாரியம்மன் மேல் அவருக்கு அளவில்லாத பக்தி. அவர் வீட்டுச் சாம்பிராணிப் புகை வேலி தாண்டி வந்தால், என் ஜெபத்தைக் கெடுக்க வேண்டுமென்றே அனுப்புகிறார் என்று யன்னலைச் சாத்துவேன்.

கடவுளை நேசிப்பது, அயலாரை நேசிப்பது என்ற இரண்டு கட்டளைகளையும் பற்றிப் பல ஞாயிறுகள் பேசியிருக்கிறேன். முதலாவதைக் காப்பாற்றுவதற்கு இரண்டாவதிடம் எச்சரிக்கையாக இருக்கவேண்டும் என்பதுபோலவே வாழ்ந்தேன்.

சில நாட்களில் காய்ச்சல் சட்டென்று இறங்கியது. எழுந்து உட்கார முடிந்தது. பசித்தது. கண்ணாடியில் பார்த்தபோது நெற்றியிலும் மணிக்கட்டிலும் சிவந்த புள்ளிகள் இருந்தன. வேர்க்குரு என்று எனக்கு நானே சொன்னேன். கடவுள் என்னை எழுப்பிவிட்டார் என்ற மகிழ்ச்சியில் எனக்கு அழுகை வந்தது.

எங்கள் சபையில் நோயிலிருந்து எழும்பியவர் வீட்டில் ஸ்தோத்திரக் கூட்டம் (நன்றி சொல்லும் ஜெபக்கூட்டம்) வைப்பது வழக்கம். என் நண்பன் எபனேசர் தன் தையற்கடைக்குப் போகும் வழியில் படலையடியில் (வேலிக் கதவடியில்) நின்று சுகம் விசாரித்தான். மறுநாள் ஞாயிறு பின்னேரமே கூட்டத்தை வைப்போம், எல்லோருக்கும் சொல்லிவிடு என்றேன்.

அவன் போன பிறகு வள்ளிப்பிள்ளை வேலிக்கு மேலால் கஞ்சி நீட்டினார். என் முகத்தைப் பார்த்தவர் விறுவிறென்று உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் என் படலையில் சரசரப்புக் கேட்டது. போய்ப் பார்த்தேன். படலையின் இரண்டு பக்கமும் வேப்பங்குழை கட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன செய்யிறீங்கள்?" என்று சத்தம் போட்டேன்.

"மாஸ்டர், உங்களுக்கு அம்மாள் வந்திருக்கிறா. உள்ளுக்குப் போய்ப் படுங்கோ."

"இது கிறிஸ்தவ வீடு. உங்கட அம்மாளுக்கு இஞ்ச இடமில்லை."

"அவ இடம் கேட்டு வாறவ இல்லை" என்றார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். "பிடுங்கிப் போடாதேங்கோ மாஸ்டர். அது உங்களுக்குக் கட்டேல்லை. வாற சனத்துக்கு."

வாற சனத்துக்கு. அது என் காதில் விழவில்லை என்று சொல்லமாட்டேன். தெளிவாக விழுந்தது. எங்கள் ஊரில் இந்துவானாலும் முஸ்லிமானாலும் கிறிஸ்தவரானாலும், வேப்பிலை கட்டிய படலையைத் திறக்கமாட்டார்கள். அது எனக்கும் தெரியும். ஆனால் பிரசங்கியார் வீட்டுக்கே அம்மாள் வந்துவிட்டா என்று ஊருக்குக் காட்டத்தான் இந்தப் பெண் கட்டுகிறார் என்று சந்தேகித்தேன். கொள்ளைநோய் விசுவாசியின் வாசலை மிதிக்காது என்று முந்திய ஞாயிறுதான் பேசியிருந்தேன். குழைகளைப் பிடுங்கி அவருடைய வளவுக்குள் எறிந்தேன்.

மறுநாள் பின்னேரம் ஆலயத்திலிருந்து ஒரு சிறு கூட்டம் வந்தது. நான் கழுத்துவரை போர்த்திக்கொண்டு படுத்திருந்தேன். கதிரைகள் போதாமல் எபனேசர் என் கட்டிலிலேயே உட்கார்ந்தான்.

"என்ன அருள், ஜப்பான்காரன் உனக்கெண்டு குண்டு கொண்டுவந்தான். அதுக்குத் தப்பிப்போட்டு நுளம்புக்கு விழுந்திட்டியே!" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். பாட்டை அவன்தான் எடுத்துக் கொடுத்தான். எங்கள் ஆலயத்தில் ஆர்மோனியம் வாசிப்பவனும் அவன்தான்.

பாட்டு முடிந்ததும் எனக்கு வியர்த்துக் கொட்டியது. அவன் தன் லேஞ்சியை (கைக்குட்டையை) எடுத்து என் முகத்தைத் துடைத்தான்.

"முகத்தில என்னடா இது?"

"வேர்க்குரு" என்றேன்.

தலையாட்டிவிட்டு லேஞ்சியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். அந்த ஒழுங்கையில் (சந்தில்) யாரையும் சந்தேகப்படாத மனிதன் அவன் ஒருவன்தான். "உனக்குக் கஞ்சிக்கு நல்ல அரிசி வேணும். வாற வியாழன் தம்பலகாமம் போறன், கொண்டுவாறன்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

இரண்டொரு நாளில் புள்ளிகள் கொப்பளங்களாகின. வாய்க்குள்ளும் வந்தன. எச்சில் விழுங்க ஏலாது. காய்ச்சல் திரும்பி வந்தது. கஞ்சியோடு வள்ளிப்பிள்ளை உள்ளே வந்து பார்த்தார். ஆசுபத்திரிக்குச் சொன்னால் அம்மாள் கோவிப்பா என்று வள்ளிப்பிள்ளை தடுக்க, கந்தையா அவருக்குத் தெரியாமல் போய் டொக்டரை அழைத்து வந்தார். நான் உளவாளி என்று சந்தேகித்த மனிதர்.

டொக்டர் யன்னலைத் திறந்து என்னை வெளிச்சத்தில் பார்த்தார். "வைசூரி" (பெரியம்மை) என்றார். "படலையில வேப்பிலை கட்டேல்லையோ?"

"நான் கிறிஸ்தவன், டொக்டர்."

"நானும்தான்" என்றார்.

பிறகு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "காய்ச்சல் தொடங்கினதிலயிருந்து இந்த வீட்டுக்குள்ள ஆரார் வந்தவை? பேரைச் சொல்லுங்கோ. என்னட்டக் கொஞ்சம் அம்மைப்பால் (கையில் கீறி ஏற்றும் தடுப்பு மருந்து) கிடக்கு. இண்டைக்கே கீறினால் தப்புவினம்."

அந்தக் கேள்விக்கு நான் சொன்ன பதிலைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். "பக்கத்து வீட்டு வள்ளிப்பிள்ளை மட்டும்தான்" என்றேன்.

ஆலயத்தை மூடிவிடுவார்களோ என்று சந்தேகித்தேன். டொக்டர் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாரோ என்று சந்தேகித்தேன். எல்லாவற்றுக்கும் மேலாக, குணமாகிவிட்டேன் என்று நன்றி சொல்லக் கூட்டிய கூட்டத்தில் நோயைப் பங்கிட்டுக் கொடுத்தவன் என்று சபையார் அறிவதை என்னால் தாங்க முடியவில்லை. அவர்களுக்கு ஒன்றும் வராது, கடவுள் பார்த்துக்கொள்வார் என்று எண்ணினேன். அதை விசுவாசம் என்று அப்போது அழைத்தேன்.

என்னை ஊருக்கு வெளியே, கப்பல்துறைப் பக்கம், ஒரு தென்னோலைக் கிடுகுக் கொட்டிலுக்குக் கொண்டுபோனார்கள். என் வார்த்தையை நம்பி, சுகாதார உத்தியோகத்தர் வள்ளிப்பிள்ளையின் பாய்களையும் காயவைத்திருந்த கருவாட்டையும் எரித்தார். கந்தையாவை வீட்டைவிட்டு வெளிக்கிடக் கூடாது என்றார்கள். வருத்தம் (நோய்) அந்த வீட்டிலிருந்துதான் வந்தது என்று ஊர் பேசிக்கொண்டது.

ஒருமுறை வைசூரி வந்தவருக்குத் திரும்ப வராது என்பதால், கொட்டிலில் என்னைப் பார்க்க ஒரே ஒருவரைத்தான் அனுமதித்தார்கள். என் கண்ணிமைகள் வீங்கி மூடியிருந்தன. தண்ணீர் வாயில் பட்டதும் குரலை வைத்துத்தான் வள்ளிப்பிள்ளை என்று அறிந்தேன். தண்ணீரில் எதையாவது ஓதிக் கலந்திருப்பாரோ என்று அப்போதும் சந்தேகித்தேன். தாகம்தான் குடிக்க வைத்தது.

"மாஸ்டர், நான் மட்டும்தான் வந்தனான் எண்டு சொன்னீங்களாம்."

நான் முகத்தைக் கிடுகுப் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

"ஞாயிற்றுக்கிழமை உங்கட வீட்டில பாட்டுச் சத்தம் கேட்டது. எனக்கு உங்கட பாட்டு ஒண்டும் தெரியாது. நான் பாடேல்லை." சிறிது நேரம் என் கால்களை வேப்பங்குழையால் விசிறிக்கொண்டிருந்தார். "என்ர கருவாடு போனால் போகுது. அதுகள் பிள்ளைகுட்டிக்காரர். நீங்கள் சொல்லுறியளோ, நான் சொல்லட்டோ?"

அந்தக் கேள்வியோடு ஒரு பகலும் ஓர் இரவும் கிடந்தேன். மறுநாள் டொக்டரிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை. பெயர்களை ஒருமுறை திருப்பிச் சொல்லச் சொன்னார். தொப்பியை எடுத்துக்கொண்டு ஓடியே போனார். வெளியே சைக்கிள் மணி அடித்ததைக் கேட்டேன்.

கூட்டத்துக்கு வந்தவர்கள் எல்லோருக்கும் அன்றே அம்மைப்பால் கீறினார். சிலருக்கு ஒன்றும் வரவில்லை. சிலருக்கு இலேசாக வந்து போனது. எபனேசர் மட்டும் ஊரில் இல்லை. அரிசிக்காகத் தம்பலகாமம் போனவன் அங்கே வழியில் யானை மறித்ததால் தங்கிவிட்டான். அவன் திரும்பி வந்து கையை நீட்டியபோது பிந்திவிட்டது. டொக்டர் கேட்ட அன்றே நான் பெயரைச் சொல்லியிருந்தால், அவன் புறப்படுமுன் பிடித்திருக்கலாம்.

என் கொப்பளங்கள் காய்ந்து பொருக்கு உதிரத் தொடங்கிய வேளையில் அவனைக் கொட்டிலுக்குக் கொண்டுவந்தார்கள். எனக்கு இனி வராது என்பதால் வள்ளிப்பிள்ளையோடு நானும் அவனைப் பார்த்துக்கொள்ள டொக்டர் அனுமதித்தார். அவனுக்கு வந்தது கடுமையான வகை. கொப்பளங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து முகமே தெரியவில்லை. அவன் கொண்டுவந்த அரிசியைத்தான் அவனுக்குக் கஞ்சியாகக் காய்ச்சினோம். இரண்டு கரண்டிக்கு மேல் இறங்கவில்லை.

அவன் பேசக்கூடியதாக இருந்த ஒரு காலையில் எல்லாவற்றையும் சொன்னேன். வேப்பிலையைப் பிடுங்கியதை, வேர்க்குரு என்றதை, டொக்டரிடம் மறைத்ததை. அவன் என்னை மன்னிப்பான் என்று நம்பினேன். வேப்பிலை இருந்தாலும் உன்னைப் பார்க்க வந்திருப்பேன் என்று அவன் சொல்வான் என்றுகூட எதிர்பார்த்தேன். அப்படிச் சொல்லக்கூடியவன்தான்.

அவன் நெடுநேரம் மூச்சு வாங்கினான்.

"வந்திருப்பன் எண்டு சொல்லத்தான் ஆசை, அருள்" என்றான். "ஆனா வந்திருக்க மாட்டன். எனக்குப் பயம். ரெபேக்காவும் விட்டிருக்க மாட்டாள்." பிறகு சிரிப்பதுபோல ஒரு சத்தம். "லேஞ்சியும் புதுசடா."

அதற்குப் பிறகு என்னிடம் தண்ணீர் மட்டும் கேட்டான். கேட்டபோதெல்லாம் கொடுத்தேன். சில நாட்களில் போய்விட்டான். அவனைக் கழுவக்கூட விடவில்லை. சுண்ணாம்பு தூவிப் புதைத்தார்கள். அவன் மனைவி ரெபேக்கா தூரத்தில், வீதியோரத்தில் நிற்க, நான் ஜெபம் சொன்னேன். வள்ளிப்பிள்ளை என் பின்னால் கைகூப்பிக்கொண்டு நின்றார். அவர் வீட்டுச் சாம்பிராணிப் புகைக்கு யன்னல் சாத்தியவனுக்கு, அன்று அந்தக் கைகள் இல்லாவிட்டால் நின்றிருக்க ஏலாது.

சபைக்கு முன் எழுந்து நடந்ததைச் சொன்னேன். வருத்தம் வள்ளிப்பிள்ளை வீட்டிலிருந்து வரவில்லை, என் வீட்டிலிருந்து போனது என்றேன். முடிந்ததும் சிலர் கைகொடுத்து, உங்கள் தைரியத்துக்கு ஸ்தோத்திரம் என்றார்கள். அந்தப் பாராட்டை ஒருபோதும் நம்பவில்லை. ரெபேக்கா எழுந்து வெளியே போனாள். அவள் செய்ததைத்தான் நம்பினேன். அதன் பிறகு நான் பிரசங்கம் செய்யவில்லை.

யுத்தம் முடிந்து சில ஆண்டுகளுக்குப் பின் ஒருநாள் கிண்ணியாத் துறையில் தோணிக்கு நின்றபோது வள்ளிப்பிள்ளையும் அங்கே நின்றார். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். தோணிக்காரர் எங்கள் முகங்களை மாறிமாறிப் பார்த்தார். ஒரே மாதிரிக் குழிகள், நெற்றியிலிருந்து தாடைவரை.

"அக்காவும் தம்பியுமோ?" என்று கேட்டார்.

தோணிக்காரரைத் திருத்த வாய் திறந்தேன். அதற்குள் வள்ளிப்பிள்ளை சொல்லிவிட்டார்.

"ஓம், தம்பிதான். சொல்வழி கேளாத தம்பி."

இருவருக்குமான தோணிக் கூலியை நான் கொடுத்தேன்.

அந்த நோய் இப்போது உலகத்தில் எங்கும் இல்லை என்கிறார்கள். என் தோலில் மட்டும் இருக்கிறது. வயதானால் சுருக்கங்கள் குழிகளை மூடிவிடும் என்று நினைத்தேன். மூடவில்லை, சவரம் செய்யும்போது கத்தி இன்னும் அதே இடங்களில் தடுக்கிறது. சாதாரணத் தடிமன் (சளி) வந்தாலும் நானே தடியை ஊன்றிக்கொண்டு போய்ப் படலையில் ஒரு வேப்பங்குழையைக் கட்டுகிறேன். சபையின் இளையவர்கள் என்னைச் சந்தேகமாகப் பார்க்கிறார்கள். பார்க்கட்டும், உள்ளே வராமல் நின்றால் போதும்.

சுகமாக இருக்கும் நாட்களிலும் படலை திறக்கும் சத்தம் கேட்டால், வருவது யார் என்று கண் பார்ப்பதற்கு முன் கை முகத்துக்குப் போய்விடுகிறது. புதிதாக ஏதாவது இருக்கிறதா என்று விரல்கள் தேடுகின்றன. தேடி முடியும்வரை, வந்தவர் வாசலில் நிற்கிறார்.