மீனுக்கு வெந்நீர்

அந்த மீன் என்னைவிட ஒரு சாண் நீளம். அரபைமா என்று பெயர், அமேசன் ஆற்றுப் பிராணி. செவுள் இருந்தும் அதற்குப் போதாதாம். அடிக்கடி மேலே வந்து வாயைத் திறந்து காற்றைக் குடிக்க வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீருக்குள்ளேயே மூச்சுமுட்டிச் செத்துப்போகும். தண்ணீரில் மூழ்கிச் சாகக்கூடிய மீன். பிறந்ததிலிருந்து தமிழில் புழங்கி, பள்ளிக்கூடத்தில் தமிழ்ப்பாட நேரத்தில் மட்டும் மூச்சுத் திணறுகிற வாத்தியாரான எனக்கு அதைப் பார்த்ததும் சொந்தக்காரனைப் பார்த்தது போலிருந்தது.

இடம், இலங்கை மலையகத்தில் லிந்துலைக்கு மேலே ஒரு தோட்டத்துப் பழைய துரை பங்களா. இப்போது அது சுற்றுலா விடுதி. பின்பக்கம் தேயிலையைப் பிடுங்கிவிட்டுச் சின்னதாக ஒரு மிருகக்காட்சிச்சாலை வைத்திருக்கிறார்கள். இரண்டு தீக்கோழிகள், குளிரில் கல்லாகிக் கிடக்கும் ஓர் ஆமை, அப்புறம் இந்த மீன் மண்டபம். விவரப் பலகைகளில் தமிழும் இருக்க வேண்டும் என்று மேலிடத்தில் யாரோ சொல்லிவிட்டதால் மேனேஜர் என்னை அழைத்திருந்தார். பத்திரிகையில் நகைச்சுவை எழுதுகிறவன், கூப்பிட்டால் வந்துவிடுவான் என்று அவருக்கு யாரோ சரியாகவே சொல்லியிருக்கிறார்கள்.

மேலேயிருந்து பார்க்கத் தொட்டியின் படியில் ஏறிக் குனிந்தேன். மீன் எழும்பியது. கிழவர் தொண்டையைச் செருமுவது போல ஒரு சத்தம். சிவந்த வாலால் ஒரே அடி. என் முகம், கண்ணாடி, சட்டை எல்லாம் நனைந்தன. துடைக்கப் போன கை பாதியில் நின்றது. தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது.

மேனேஜர் பெருமையாக விளக்கினார். இந்தக் குளிர் அதற்கு ஆகாது, இரவு பகலாக ஹீட்டர் ஓடுகிறது. தண்ணீரையும் அடிக்கடி மாற்ற வேண்டும், அதற்காக மேலேயுள்ள ஊற்றிலிருந்தே தனிக்குழாய் போட்டிருக்கிறார்கள்.

அந்த ஊற்றை எனக்குத் தெரியும். அது கீழே என் அக்கா குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகளின் பீலிக் குழாயில்தான் கொட்டிக்கொண்டிருந்தது. லயத்து ஆட்கள் குடிப்பது, குளிப்பது, துவைப்பது எல்லாம் அந்த ஒரு பீலியில். தீபாவளிக்குப் பிறகு தண்ணீர் நூலாக மெலிந்து, நின்றேபோனது. ஊற்று வற்றிவிட்டது என்றார்கள் தோட்டத்து ஆபீசில். நானும் நம்பி, உலகம் சூடாகி வருவதைப் பற்றி அக்காவுக்கு ஒரு வகுப்பே எடுத்திருந்தேன். முழங்கால் வீங்கிய அந்த மனுஷி, பாரம் தூக்கக்கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகும், வேலைக்குப் போகுமுன் கேன்களோடு பள்ளத்து ஆற்றுக்கு இறங்கி ஏறிக்கொண்டிருந்தாள்.

அன்று சாயந்தரம் போய்ச் சொன்னேன்.

"மீனுக்குச் சுடுதண்ணியா?" என்றாள்.

"ஆமாக்கா."

"தலைத் தீபாவளிக்கு வந்த மருமகனுக்கே நா பச்சத்தண்ணிதான் எடுத்து வச்சேன்."

பக்கத்துக் காம்பராப் பெண் சிரித்தாள். அக்கா சிரிக்கவில்லை. "ஒன் எழுத்தப் படிச்சிட்டு ஊரே சிரிக்குதுங்குறியே தம்பி, அதுல ஒரு வாளி தண்ணி வருமா?"

எனக்குக் கோபம் வந்தால் கை நீளாது, கையெழுத்துதான் அழகாகும். அன்றிரவு பலகைக்கு எழுதினேன்: 'அரபைமா. சொந்த ஊர் அமேசன். தற்போது குடித்துக்கொண்டிருப்பது கீழ் லயத்துப் பீலித் தண்ணீர். இதற்குக் குளிரும் என்பதால் சூடாக்கிக் கொடுக்கப்படுகிறது. லயத்து ஆட்களுக்குக் குளிராது என்பதால் அவர்கள் ஆற்றுக்குப் போகிறார்கள்.'

ஆங்கிலத்தைவிடத் தமிழ் ஏன் நீளம் என்று மேனேஜர் கேட்டார். பழைய மொழி, கொஞ்சம் இடம் பிடிக்கும் என்றேன். மரியாதையாகத் தலையாட்டிவிட்டு மாட்டச் சொன்னார். அந்த விடுதியில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவர்கள் கூட்டுகிறவர்களும் தொட்டி கழுவுகிறவர்களும்தான். எல்லோரும் வாசித்தார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

கொழும்பிலிருந்து லீவுக்கு வந்த ஒரு குடும்பம் பலகையைப் படமெடுத்துப் போட்டது. அது போன் போனாகச் சுற்றி, விடுதிக்கு வருகிறவர்களெல்லாம் மீனை விட்டுவிட்டுப் பீலி எங்கே என்று விசாரிக்க ஆரம்பித்தார்கள். மேனேஜர் என்னைக் கூப்பிட்டுச் சிங்களத்தில் கொதித்தார். உனக்கு நான் என்ன கெடுதல் செய்தேன் என்றார். எனக்கு ஒன்றுமில்லை, கீழே போய்க் கேளுங்கள் என்றேன். ஊற்று இருப்பது விடுதி நிலத்தில், சட்டப்படி எல்லாம் சரி என்றார். கடைசியாக, தண்ணீர் இல்லாவிட்டால் மீன் செத்துவிடுமே என்று குரல் தழுதழுக்கச் சொன்னார். ஆட்கள் சாகமாட்டார்கள் என்பதில் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. எனக்குச் சிங்களம் நன்றாக வரும். அன்று வந்த சிங்களத்தை இங்கே எழுத முடியாது.

பலகை அன்றே இறங்கியது. பதிலுக்குத் தொட்டியருகே ஒரு வால்வு ஏறியது. தொட்டித் தண்ணீர் மாற்றாத நாட்களில் பீலிக்குத் திறந்துவிடுவார்களாம். காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்தில் ஆட்களை நிறுத்தி, மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கு இதை அறிவித்துவிட்டு, யாராவது கை தட்டுவார்கள் என்று கொஞ்ச நேரம் பார்த்தாராம். "எல்லாம் ஒங்க எழுத்துதாங்க சார்" என்று டவுனில் இரண்டு பேர் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார்கள். குடித்தேன்.

போன வாரம் அக்கா வீட்டில் தங்கியிருந்தேன். விடியும்போது பீலியடியில் பெண்கள் வெறும் கேன்களோடு நின்றார்கள். விடுதியில் கூட்டுகிற பெண் மேலே வேலைக்குக் கிளம்பாமல் போனைக் காதில் வைத்து யாரிடமோ விசாரித்துக்கொண்டிருந்தாள்.

"என்னாடி, மீனு இன்னைக்குக் குளிக்குதாமா?" என்று கேட்டாள் அக்கா.

"குளிக்குதாம் பெரியம்மா."

அக்கா துண்டை முழங்காலில் இறுக்கிக் கட்டிக்கொண்டு பள்ளத்துக்கு இறங்கத் தொடங்கினாள். அவள் கையிலிருந்த கேன்களைப் பிடுங்கிக்கொண்டு நானும் இறங்கினேன். திரும்பி ஏறி வரும்வரை அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை. வாயைத் திறந்தால் கெட்ட வார்த்தைதான் வந்திருக்கும்.