ஆட்டோக்காரரின் குற்றக் கணக்கைக் கேட்கப் போய்...

தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்த புதிது அது. நாங்கள் முகாம் வாழ்க்கை முடிந்து, மன்னாரில் எங்கள் சொந்தக் கிராமத்துக்குத் திரும்பி, வீட்டுத்திட்டத்தில் கிடைத்த வீட்டுக்கு ஒருவழியாகக் கதவும் போட்டு, கட்டுக்கரைக் குளத்துத் தண்ணீரில் மறுபடி வயல் செய்யத் தொடங்கியிருந்தோம். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. வயதுக்கு மிஞ்சிய வாய் என்று அம்மா இப்போதும் சொல்வார்.

அந்த நேரத்தில்தான் மன்னார் டவுனில் ஒரு தனியார் வைத்திய நிலையத்தில் எனக்கு வேலை கிடைத்தது. பகலில் அரசாங்க ஆஸ்பத்திரியில் இருக்கும் டாக்டர்மார் பின்னேரங்களில் அங்கே வருவார்கள். வரும் நோயாளர்களுக்கு நம்பர் கொடுத்து ஒவ்வொருவராக உள்ளே அனுப்ப வேண்டும். சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லாத வேலை மாதிரித்தான் இருக்கும். ஆனால் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் கோழி கலைத்துக்கொண்டிருந்த எனக்கு அது பெரிய விசயம். ஒன்றாம் திகதி வரவேண்டும், வராவிட்டால் இடத்தை வேறு பிள்ளைக்குக் கொடுத்துவிடுவோம் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள்.

சிக்கல் திரும்பி வருவதில்தான் இருந்தது. வேலை முடிந்து நான் ஏறும் பஸ் எங்கள் சந்தியில் என்னை இறக்கும்போது நன்றாக இருட்டியிருக்கும். சந்தியிலிருந்து கிராமத்துக்கு வயல்களுக்கு நடுவே போகும் ரோட்டில் அப்போது ஒரு லைட்டும் கிடையாது. சந்தியில் நிற்கும் ஆட்டோ ஒன்றில்தான் வரவேண்டும். வேலைக்கு விடமாட்டேன் என்று அப்பா ஒரே பிடியாகப் பிடித்துவிட்டார்.

“இருட்டுக்குள்ள ஆட்டோவிலயோ? பேப்பர் பாக்கிறேல்லையோ நீ?”

அப்பா பேப்பர் பார்ப்பவர். எந்த ஊரில் எந்த ஆட்டோக்காரன் என்ன அநியாயம் செய்தாலும் அது அவருக்கு மனப்பாடம். கொழும்பில் போனை அமத்தினால் ஆட்டோ வாசலுக்கே வருகிறதாம், வருவதற்கு முன்னமே ஓட்டுகிறவரின் படமும் பெயரும் போனில் வந்துவிடுமாம் என்று எனக்குச் சொன்னவரும் அவர்தான். எங்கள் சந்தியில் ஆட்டோ வேண்டுமென்றால் கையைத் தட்டிக் கூப்பிட வேண்டும். படம் எதற்கு, நேரே முகத்தையே பார்க்கலாமே என்றேன். முகத்துக்கு யார் பொறுப்பு என்று கேட்டார்.

அப்பாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சீல் இல்லாத எதையும் அவர் நம்பமாட்டார். அதற்காக அவரைக் குறை சொல்லவும் முடியாது. சண்டைக் காலத்தில் எங்கள் பக்கத்தில் ஒரு மனிதன் தான் இன்னார் என்று சொல்வதற்கே சீல் வேண்டும். ஊர் தாண்டிப் போகிற பாஸுக்குச் சீல், குடும்பப் பதிவுக்குச் சீல், நிவாரண அரிசிக்கும் சீல். நான் பிறந்ததைக்கூட அவர் பிறப்புப் பத்திரத்தைப் பார்த்த பிறகுதான் நம்பினார் என்று அம்மா பகிடி பண்ணுவார்.

எனக்கு வேலை கிடைத்த அதே வாரம் பிரதேச செயலகத்தில் இந்தப் புதிய சட்டத்தைப் பற்றி ஒரு கருத்தரங்கு வைத்தார்கள். எந்த அரச அலுவலகத்திலும் தகவல் கேட்கலாம், பதில் தர வேண்டியது அவர்கள் கடமை என்று சொல்லி ரோல்சும் பால் தேத்தண்ணியும் தந்தார்கள். ரோல்ஸைக் கடித்துக்கொண்டிருக்கும்போதே எனக்கு யோசனை வந்துவிட்டது. எங்கள் பகுதியில் ஆட்டோக்காரர் செய்த குற்றங்கள் எத்தனை என்று பொலிஸிலேயே கேட்டால் என்ன? இல்லை என்று பதில் வந்தால் விடுவீர்களா என்று அப்பாவைக் கேட்டேன்.

“பொலிஸ் சீலோட வந்தால் விடுறன்,” என்றார்.

பொலிஸ் நிலையத்தில் இருந்த சார்ஜன்ட் சிங்களவர். தமிழும் கதைப்பார், நல்ல மனிதர். கதிரையைக் காட்டி இருக்கச் சொல்லிவிட்டு என் விண்ணப்பத்தை நிதானமாக வாசித்தார்.

“யாரு நங்கி? என்ன செஞ்சது?” என்று கேட்டார். நங்கி என்றால் சிங்களத்தில் தங்கச்சி.

“ஒருத்தரும் ஒண்டும் செய்யேல்ல சேர்.”

“பயப்படாம சொல்லுங்க.”

“உண்மையா ஒண்டும் செய்யேல்ல. எனக்குக் கணக்குத்தான் வேணும்.”

குரலைத் தாழ்த்தி, பெண் பொலிஸைக் கூப்பிடட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். தண்ணீர் வரவழைத்துத் தந்தார். குடித்தேன். பிறகு கருத்தரங்கில் கேட்டதையெல்லாம் ஒரு மூச்சில் ஒப்புவித்தேன். ஒருத்தரும் ஒன்றும் செய்யாததை எந்தப் புத்தகத்தில் தேடுவது என்று அவர் தலையைச் சொறிந்தார். ஆட்டோ களவு போன கேஸ் இருக்கிறது, அது போதுமா என்று ஆசையோடு கேட்டுப் பார்த்தார். போதாது, ஆட்டோக்காரர் செய்ததுதான் வேண்டும் என்றேன். பாவம், என்னை வெறுங்கையோடு அனுப்ப அவருக்கு மனமில்லை. விண்ணப்பத்தை ஏற்றுக்கொண்டதாக எழுதித் தந்து, வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

நான் போன பிறகும் அவருக்கு மனம் கேட்கவில்லை போலிருக்கிறது. பின்னேரம் எங்கள் சந்திக்கு வந்து தேத்தண்ணிக் கடையில் இருந்துகொண்டு, அங்கே நின்ற ஆட்டோக்காரர்களிடம் நைசாக விசாரித்திருக்கிறார். உங்களில் யார் அந்தப் பிள்ளைக்கு என்ன செய்தது, சொல்லிவிட்டால் பிரச்சினை சின்னதாக முடியும் என்று.

அடுத்த நாள் சாமான் வாங்கச் சந்திக்குப் போனேன். வழக்கமாக, “தங்கச்சி, வாறியளோ?” என்று போட்டி போட்டுக் கேட்பவர்கள், என்னைக் கண்டதும் எல்லாருமாக ஒரே நேரத்தில் தங்கள் ஆட்டோச் சில்லுகளைக் குனிந்து ஆராயத் தொடங்கினார்கள். கையைத் தட்டினேன். ஒருவரும் நிமிரவில்லை. தேங்காயையும் மாவையும் சுமந்துகொண்டு கொளுத்தும் வெயிலில் நடந்தே வீடு வந்தேன். வேலைக்குப் போக வழி தேடியவள், காசு கொடுத்தாலும் ஏற்ற ஆளில்லாதவளாகிவிட்டேன்.

அதற்கு அடுத்த நாள் காலை, சந்தியில் நிற்கிறவர்களில் மூத்தவர் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். ஆட்டோக் கண்ணாடியில் மடு மாதா படம் ஒட்டியிருப்பவர். முகம் வாடிப்போயிருந்தது. தங்கள் மேல் என்ன முறைப்பாடு என்று கேட்டார். முறைப்பாடே இல்லை, அப்பா வேலைக்கு விடுவதற்காகக் கேட்ட கணக்கு என்று நான் விளங்கப்படுத்த, அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அதோடு போயிருக்கலாம். போகிற போக்கில் அப்பாவைப் பார்த்து, “என்னை நம்பலாம் ஐயா,” என்றார்.

“வாயால சொன்னால் காணுமோ? எழுத்தில ஏதும் இருக்கோ?” என்று அப்பா கேட்டார்.

அப்பா அதைச் சும்மாதான் கேட்டார் என்று நினைக்கிறேன். ஆனால் எங்கள் பக்கத்தில் அப்படிக் கேட்டால், கேட்கப்பட்டவர் சும்மா இருக்கமாட்டார். பின்னேரமே அவர் பங்குத்தந்தையிடம் வாங்கிய கடிதத்தோடு வந்துவிட்டார். ஞாயிறு பூசைக்கு ஒழுங்காக வருபவர், குடிப்பழக்கம் இல்லாதவர் என்று எழுதிச் சீலும் அடித்திருந்தது. இது சந்திக்குத் தெரிந்ததும், புத்தளத்திலிருந்து மீளக் குடியேறிய முஸ்லிம் ஆட்டோக்காரர் பள்ளிவாசல் நிர்வாகத்தின் கடிதத்தோடு வந்தார். இன்னொருவர் கிராம அலுவலரான விதானையாரின் நற்சான்றிதழோடு வந்தார். ஒருவர் இரத்ததானம் செய்த அத்தாட்சியைக் கொண்டுவந்தார். சந்தியிலேயே வயதில் குறைந்தவருக்குக் கடிதம் கொடுக்க யாரும் அகப்படவில்லை. அவர் பள்ளிக்கூடத்தில் ஓட்டப் போட்டியில் இரண்டாம் இடம் எடுத்த சான்றிதழைக் கொண்டுவந்து மரியாதையாக நீட்டினார்.

அப்பா அதைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்துவிட்டு, “இவர் வேகமா ஓடுற ஆள். இவர் வேண்டாம்,” என்று தீர்ப்புச் சொன்னார்.

அப்பாவை அவ்வளவு சந்தோசமாக நான் அதற்கு முன் கண்டதில்லை. சட்டை போட்டுக்கொண்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, காலையிலேயே முற்றத்துக் கதிரையில் வந்து இருந்துவிடுவார். ஒவ்வொரு சீலையும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பார். மை பரவியிருந்தால் சந்தேகப்படுவார். திகதி இல்லையென்றால் திருப்பி அனுப்புவார். வருகிறவர்களுக்கெல்லாம் அம்மா தேத்தண்ணி ஊற்றிக் களைத்துப்போய்க் குசினிக்குள் இருந்து குரல் கொடுத்தார்.

“இன்னும் எத்தினை நல்லவங்கள் வரக் கிடக்கு? சீனி முடியுது!”

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. ஒன்றாம் திகதி நெருங்கிக்கொண்டிருந்தது. இத்தனை கடிதம் வந்தும் அப்பா ஓம் என்று சொல்லவில்லை. எல்லாரும் தங்களைப் பற்றித் தாங்களே வாங்கின கடிதம், பொலிஸ் சொல்லட்டும் என்றுவிட்டார்.

பொலிஸ் பதிலும் வந்தது. உருண்டைச் சீல், மை பரவாமல், அப்பா கண்ணில் ஒற்றிக்கொள்கிற மாதிரி இருந்தது. கேட்கப்பட்ட தகவல், செய்தவரின் தொழிலை வைத்துத் தனியாகப் பேணப்படவில்லை என்று எழுதியிருந்தார்கள். நான் அதைப் பெருமையாக வாசித்துக் காட்டினேன். அப்பா வாங்கித் தானும் வாசித்தார்.

“குற்றம் இல்லை எண்டு சொல்லேல்லையே பிள்ளை. எண்ணேல்ல எண்டெல்லோ சொல்லுது.”

அவர் சொன்னதில் பிழையில்லை. அதுதான் எனக்கு ஆத்திரம். அறைக்குள் போய்ப் படுத்துவிட்டேன். வேறு பிள்ளை ஒருத்தி என் கதிரையில் இருந்து நம்பர் கொடுப்பது கண்ணுக்குள்ளேயே நின்றது.

அன்றைக்குப் பின்னேரம் மில்லில் குற்றிய எங்கள் அரிசியை ஏற்றிக்கொண்டு ஓர் ஆட்டோ வந்தது. ஓட்டி வந்தவர் சந்தியில் அதிகம் கதைக்காமல் நிற்கிறவர். சண்டை முடிந்து, இயக்கத்தில் இருந்தவர்களை வைத்திருந்த புனர்வாழ்வு முகாமில் இருந்துவிட்டு வந்து, லீசிங்கில் ஆட்டோ எடுத்து ஓடுகிறார் என்பது ஊருக்கே தெரியும். மூட்டையை இறக்கி வைத்துவிட்டுத் திரும்பியவரை அப்பா விடவில்லை. பழக்கதோசத்தில், “உம்மட கடிதம் எங்க தம்பி?” என்று கேட்டார்.

“என்னட்டை இல்லை ஐயா. எடுக்கவும் மாட்டன்.”

“ஏன்?”

“காணும் ஐயா. வெளியில வந்த நாளிலயிருந்து நான் நல்லவன் எண்டு காட்டிக்கொண்டுதான் இருக்கிறன். ஆமிக்குக் காட்டினன், பொலிசுக்குக் காட்டினன், லீசிங் குடுத்தவனுக்கும் காட்டினன். உங்களுக்கும் காட்ட என்னால ஏலாது.”

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. களைத்துப்போனவர் சொல்வது மாதிரித்தான் சொன்னார். பிறகு அறை வாசலில் வந்து நின்ற என்னைப் பார்த்து, “தங்கச்சி நல்ல பிள்ளை எண்டு ஆர் சீல் அடிச்சுத் தந்தது?” என்று கேட்டார். அம்மா குசினிக்குள் இருந்து சத்தமாகச் சிரித்துவிட்டார். எனக்கு முகம் எரிந்தது.

அப்பா மட்டும் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, “ஒண்டாம் திகதி பின்னேரம் சந்தியில நிப்பீரோ தம்பி?” என்று கேட்டார். அவர் என்னையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “ஓம், நிக்கிறன்,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

இத்தனை பேர் கடிதம் கொண்டுவந்தும் கடிதம் இல்லாதவரைத்தானே பிடித்தீர்கள் என்று அம்மா பகிடி பண்ணினார்.

“செக்பொயின்ற்றில நிண்டவன் மாதிரியெல்லோ நான் இந்த முத்தத்தில இருந்திட்டன்,” என்றார் அப்பா.

ஒன்றாம் திகதி வேலைக்குப் போனேன். திரும்பி வந்து சந்தியில் இறங்கியபோது அவர் சொன்னபடி நின்றார். ஏறினேன். சந்தியைத் தாண்டியதும் ஆட்டோவுக்கு உள்ளே இருக்கும் லைட்டைப் போட்டார். அது வயல் வழி முழுக்க எரிந்தது. வெளிச்சத்துக்குப் பூச்சிகள் எல்லாம் உள்ளே வந்து என் முகத்தில் மோதின, ஒன்று வாய்க்குள்ளும் போனது. வீடுகள் வந்த இடங்களில் அவர் இன்னும் மெதுவாகப் போனார். எனக்குத் துணையாகத்தான் போட்டிருக்கிறார் என்று நினைத்து, “எனக்குப் பயமில்லை அண்ணா, லைட்டை நிப்பாட்டுங்கோ,” என்றேன்.

“உங்களுக்கில்லை தங்கச்சி. எனக்குத்தான் பயம். உள்ளுக்கு ஆர், என்ன மாதிரி இருக்கினம் எண்டு எல்லாரும் பாக்கட்டும்.”

பகிடி என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது. ஒருவரும் ஒன்றும் செய்யாமலே நான் பொலிஸில் கொடுத்த ஒரு தாளுக்குச் சந்தி முழுக்க இத்தனை நாள் கலங்கிப்போயிருந்தது. அவரைப் பற்றி யாராவது ஒரு சொல் சொன்னால், அது பொய்யாக இருந்தாலும், அவருக்கு என்ன நடக்கும் என்பதை நான் அதுவரை நினைத்தே பார்க்கவில்லை. மனதுக்கு மிகவும் கஷ்டமாகப் போய்விட்டது. வாயை மூடிக்கொண்டு பூச்சிகளோடு வீடு வந்து சேர்ந்தேன்.

நான் கணக்குக் கேட்டது பிழை என்று இன்றைக்கும் சொல்லமாட்டேன். பொலிஸில் அப்படி ஒரு கணக்கு இருக்கத்தான் வேண்டும், தனியாகப் போய்வரும் பெண்கள் அதைக் கேட்கத்தான் வேண்டும். ஆனால் இருட்டில் ஓர் ஆட்டோவில் ஏறும்போதெல்லாம், என் பயத்தோடு சேர்த்து முன்னால் இருக்கிறவருக்கும் ஒரு பயம் இருக்கலாம் என்று நினைத்து, லைட்டைப் போடுங்கள் அண்ணா என்று நானே முதலில் சொல்லிவிடுகிறேன்.