ஊர்ச்சீட்டு இல்லாத கறி

கிறிஸ்துமஸ் விருந்து எல்லாருக்கும் ஒன்றுதான் என்று நினைப்பவர்கள் அருவங்காட்டுத் தொழிற்சாலைக் குடியிருப்பில் ஒரு டிசம்பரைக் கழித்துப் பார்க்க வேண்டும். எங்கள் வீட்டு வரிசையிலேயே மூன்று விதம். திருநெல்வேலிக்காரர்களுக்கு ஆட்டுக்கறிக் குழம்பும் முந்திரிக்கொத்தும் இல்லாவிட்டால் பண்டிகையே வரவில்லை என்று அர்த்தம். கேரளாக்காரர்கள் இருபத்தைந்து நாள் நோன்பிருந்து, அப்பமும் ஸ்டூவும் வைத்து முறிப்பார்கள். கடைசி வீட்டு ஆங்கிலோ இந்தியக் குடும்பத்தில் மஞ்சள் சோறும் கறி உருண்டைக் குழம்பும். ஒருவர் வீட்டுப் பலகாரத்தை மற்றவர் வாயாரப் புகழ்ந்து வாங்கிக்கொண்டு, கதவைச் சாத்தியதும் மூக்கைச் சுளிப்பார்கள்.

நான் அங்கே திருநெல்வேலி வீட்டுக்கு மருமகளாக வந்தவள். பிறந்தது நடுவட்டம் பக்கத்தில் ஓர் எஸ்டேட் லைன் வீட்டில். அம்மா சிறுமியாக இருந்தபோது சிலோனிலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட குடும்பம். எங்கள் விருந்து தேங்காய் ரொட்டி, தேங்காயும் மிளகாயும் இடித்த சம்பல், வறுத்த தூள் போட்ட மாட்டிறைச்சி. தூளை வறுக்கும்போது அம்மா பக்கத்திலேயே நின்று சொல்லுவாள். "வாசம் வந்திருச்சின்னு எறக்கிறாத புள்ள. இன்னும் கறுக்கணும்."

கல்யாணமாகி வந்த மூன்றாம் நாளே மாமியார் சொல்லிவிட்டார். "அந்தக் கறி நம்ம வீட்டுக்குள்ள வரப்பிடாது, பாத்துக்கோ. நாங்கள்லாம் அதைத் தொடுதது இல்ல." தொடுவதில்லை என்ற சொல்லில் மாடு மட்டும் இல்லை என்பது எனக்குத் தெரியும். மகன் ஆசைப்பட்டுக் கட்டிக்கொண்டதால் என்னைத் தொட வேண்டியதாகிவிட்டது. என் அம்மா வீட்டில் அவர் தண்ணீருக்கு மேல் எதுவும் குடித்ததில்லை.

ஒரு வருடம் சபைப் போதகரான ஐயர் ஆலயத்தில் ஓர் அறிவிப்பு வாசித்தார். கிறிஸ்துமஸ் மதியம் சபையாருக்குப் பொது விருந்து. ஒவ்வொரு குடும்பமும் தன் சொந்த ஊர் வழக்கப்படி ஒரு பதார்த்தம் கொண்டுவர வேண்டும், உறவுக்காரர்களையும் அழைத்து வரலாம். போனில் பேச்சோடு பேச்சாக இதை அம்மாவிடம் சொன்னது என் தவறு. அவள் விடவில்லை. பேக்கரியில் ஒரு கேக் வாங்கிக்கொண்டு வா, போதும் என்றேன்.

"கேக்கு எல்லாரும்தான் கொண்டாருவாங்க. ஒங்க கோயில்லயே கேக்குறாங்கல்ல. ஒன் மாமியா ஒரு வாய் சாப்புட்டாப் போதும் புள்ள."

முதல் பஸ்ஸைப் பிடித்து ஊட்டியில் மாறி வந்தாள். ஒரு கையில் கறித் தூக்கு, மறு கையில் துணியில் கட்டிய ரொட்டி. ஆலயக் கூடத்து வாசலில் சபைப் பெண் ஒருத்தி கறிகளைச் சபைப் பாத்திரங்களில் மாற்றி, ஒவ்வொன்றின் முன்னாலும் ஊர்ப்பெயர் எழுதிய சீட்டை வைத்துக்கொண்டிருந்தாள். கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரி. பேச்சில் மரியாதைக்குக் குறைவில்லை.

"ஏனுங்க, உங்களுக்கு எந்த ஊருன்னு எழுதறதுங்க?"

"நடுவட்டம்."

"அது எஸ்டேட்டுங்களே. சொந்த ஊரு சொல்லுங்க."

"அதுக்கு முந்தி சிலோன்."

"சிலோன்னு போட்டா ஃபாரின் சாப்பாடாயிருமுங்க" என்று சிரித்தாள். அம்மாவும் கூடவே சிரித்தாள். அவள் தாத்தாவுக்கு இந்தியாவில் எந்த ஊர் என்று எங்கள் வீட்டில் யாருக்குமே தெரியாது. அந்தப் பெண் கொஞ்சம் யோசித்துவிட்டு, சீட்டு எழுதாமலே பாத்திரத்தைக் காலியாக இருந்த இடத்தில் வைத்தாள். அது கேரளாச் சீட்டுக்கு ஒட்டினாற்போல், அப்பத்துக்குப் பக்கத்தில் இருந்தது. ரொட்டி மூட்டையை வைக்க மேசையில் இடமில்லை. அம்மா அதை மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

அப்பமும் ஸ்டூவும் அனுப்பியது தொழிற்சாலை அதிகாரி ஒருவரின் குடும்பம். கொடுத்தனுப்பிவிட்டு அன்று காலையே அவர்கள் ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள். என் மாமனார் உயிரோடிருந்தவரை அவருக்குக் கீழேதான் வேலை பார்த்தார். ஆகவே, எல்லாம் அடுக்கிய பிறகு வந்த என் மாமியார் தட்டை எடுத்துக்கொண்டு நேரே கேரளாச் சீட்டுக்குத்தான் போனார். அப்பத்தை எடுத்தார். பக்கத்திலிருந்த கறியையும் அவர்களுடையது என்றே எண்ணி ஒரு கரண்டி போட்டுக்கொண்டார். அது என்ன இறைச்சி என்று தெரியாதவரில்லை. "அதிகாரி வீட்டுல குடுத்து விட்டது. வேண்டாம்னா மரியாதை இல்லைல்லா" என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னதை நான் கேட்டேன்.

இரண்டாவது தடவையும் போய்ப் போட்டுக்கொண்டார். பாத்திரம் காலியாகிவிடும்போல் இருந்தது. எதிர் பெஞ்சில் ரொட்டி மூட்டையோடு உட்கார்ந்திருந்த அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. சம்பந்தி தெரிந்தேதான் சாப்பிடுகிறாள் என்று நினைத்துக்கொண்டாள். அப்போது மாமியார் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"என்ன கைப்பக்குவம் பாத்தியா. இது அந்த அதிகாரி வீட்டுக் கறிதானட்டி?"

அம்மா காதில் விழும் தூரம்தான். இல்லை என்று ஒரு வார்த்தை போதும். ஆனால் சொன்னால் தட்டு அந்த இடத்திலேயே கீழே வைக்கப்படும், சபையே திரும்பிப் பார்க்கும், அன்றிலிருந்து அந்த வீட்டில் என் நாட்கள் எப்படிப் போகும் என்பதெல்லாம் ஒரு நொடியில் ஓடியது. நான் கோழை. அதை வேறு எந்தச் சொல்லாலும் பூசி மெழுக எனக்கு விருப்பமில்லை.

"ஆமா அத்தை" என்றேன். "கேரளாக்காரங்க வீட்டுக் கறி."

அம்மா குனிந்து மூட்டையின் முடிச்சை இன்னும் இறுக்கிக் கட்டினாள்.

அவளைப் பஸ் ஏற்றிவிடப் போனேன். "ரெண்டு தரம் போட்டுக்கிட்டாங்கல்ல, அது போதும்" என்றாள். அவள் திட்டியிருந்தால் நான் எத்தனையோ நிம்மதியாக இருந்திருப்பேன். ரொட்டிகள் அப்படியே திரும்பிப் போயின.

கதை அதோடு முடிந்திருக்கலாம். அடுத்த கிறிஸ்துமஸுக்கு மாமியார், "அந்தக் கேரளாக் கறியை நீ வையேன், அந்த அம்மாட்ட கேட்டுக்கோ" என்றார். கேட்டுவிட்டேன் என்று அதற்கும் ஒரு பொய் சொன்னேன். பொய்க்குப் பொய் துணை. வீட்டுக்குள் வரக்கூடாத கறிக்கு அவரே மகனைக் குன்னூர்க் கடைக்கு அனுப்பினார். அது வேறு, இது வேறு என்று அவருக்குள் ஏதோ நியாயம். பிறகு அதிகாரி ஓய்வு பெற்றுக் குடும்பத்தோடு ஊருக்கே போய்விட்டதால் என் பொய்க்குச் சேதமில்லை. ஒவ்வொரு வருடமும் கறுக்க வறுத்த தூளை அம்மாதான் பொட்டலம் கட்டிக் கொடுத்தனுப்புவாள். எதற்கென்று கேட்டதில்லை.

அந்த விருந்துக்குப் பிறகு அம்மா எங்கள் வீட்டுக்குப் பண்டிகைக்கு வரவே இல்லை. போன வருடம்தான் வந்தாள். எஸ்டேட் வேலையிலிருந்து நின்று, லைன் வீட்டையும் காலி செய்துவிட்டு, என் தம்பியோடு கூடலூரில் குடியேறுவதற்கு முன்னால் கையில் பையோடு வந்து இறங்கினாள். மாமியார் அவளை உட்கார வைத்துத் தன் கையாலேயே பரிமாறினார். அவருக்கும் வயதாகிவிட்டது. முன்போல இல்லை, அன்பாகத்தான் பரிமாறினார்.

"சாப்புட்டுப் பாருங்க மைனி. இது கேரளாக் கறி. ஒங்க பக்கமெல்லாம் இப்படி வைக்கத் தெரியாதுல்லா."

அம்மா ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டு மெதுவாக மென்றாள். நான் அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இன்றைக்காவது சொல்லிவிடு என்று எனக்குள்ளேயே சொல்லிக்கொண்டேன்.

"நல்லாருக்குங்க" என்றாள் அம்மா. பிறகு என் பக்கம் திரும்பினாள். "எப்புடி வைக்கிறதுன்னு எனக்கும் கொஞ்சம் சொல்லிக் குடு புள்ள."

மாமியார் பெருமையோடு என்னைப் பார்த்தார். நான் சொல்லிக்கொடுத்தேன். வாசம் வந்துவிட்டதென்று தூளை இறக்கிவிடக் கூடாது, இன்னும் கறுக்க வேண்டும் என்பதுவரை சொன்னேன். அம்மா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள்.